பிராக் நகரில் ஒரு நாள்: காசு எங்கெல்லாம் கழன்று போகும்

பிராக் ஏமாற்றுக்காரர்களுக்கு ஒரே நாள் பயணிகள் என்றால் தனிப் பிரியம். காலையில் வியன்னாவிலிருந்தோ பெர்லினிலிருந்தோ ரயிலில் வந்து இறங்கி, கோட்டை, பாலம், கடிகாரம் மூன்றையும் பார்த்துவிட்டு ராத்திரியே கிளம்புகிற ஆள், மறுநாள் கடைக்கு வந்து சண்டை போடப் போவதில்லை. கத்தியைக் காட்டிப் பறிக்கிற கதை இங்கே அபூர்வம். அந்த வகையில் பாதுகாப்பான ஊர்தான். பணம் போவதெல்லாம் பலகையில் எழுதிவைத்தபடியே போகிறது. பெரிய எழுத்தில் ஒன்று, அதன் கீழே பொடி எழுத்தில் இன்னொன்று. பிறகு புகார் சொன்னால், “எழுதித்தானே வைத்திருக்கிறோம்” என்று பலகையைக் காட்டுவார்கள்.

முதல் அடி பணம் மாற்றும் இடத்தில். செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே புழங்குவது கொருனா. யூரோவோடு வந்தவர் ரயில் நிலையத்திலேயோ விமான நிலையத்திலேயோ கண்ணில் பட்ட முதல் கவுன்டரில் மாற்றிவிடுவார். ‘கமிஷன் 0%’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது உண்மைதான், கமிஷன் வாங்க மாட்டார்கள், விகிதத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். சந்தையில் ஒரு யூரோவுக்கு 24 கொருனா போகும் நாளில் இவர்கள் 17 கொடுப்பார்கள் என்று வையுங்கள். 200 யூரோவுக்கு 4,800 வரவேண்டிய இடத்தில் 3,400 வரும். 1,400 கொருனா, அதாவது 58 யூரோ, ஒரே நிமிடத்தில் போச்சு. அதைவிடப் பொல்லாத கமிஷன் எங்கே இருக்கிறது?

பலகையில் இரண்டு பத்தி எண்கள் இருந்தால் நீங்கள் பார்க்க வேண்டியது ‘வீ பை’ என்ற பத்தி. உங்கள் யூரோவை அவர்கள் வாங்குகிற விலை அதுதான். ‘வீ செல்’ எண்ணைப் பார்த்து மயங்கிப் பணத்தை நீட்டியவர்கள் ஏராளம். அதைவிட நல்ல வழி, பலகையை விட்டுவிட்டு, “100 யூரோ கொடுத்தால் கையில் எத்தனை கொருனா வரும்?” என்று கேட்டு, பதிலைக் காகிதத்திலோ கால்குலேட்டரிலோ காட்டச் சொல்வது. அன்றைய உண்மை விகிதம் செக் தேசிய வங்கியின் தளத்தில் வேலை நாள்களில் பிற்பகல் இரண்டரை மணி வாக்கில் வெளியாகும். காலையில் போனால் முந்தைய நாள் எண்ணையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து இரண்டு, மூன்று சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்தக் கடையில் நிற்க வேண்டாம்.

மாற்றிய பிறகு ஏமாந்தது தெரிந்தால் அழ வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது: 1,000 யூரோ மதிப்பு வரைக்கும் மாற்றிய பணத்தை, மூன்று மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய், கட்டணம் எதுவும் இல்லாமல் ரத்து செய்யலாம். காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை. இந்த உரிமையை முக்கால்வாசிப் பேர் இழப்பது இரண்டு காரணத்தால்: ரசீதைக் கிழித்துப் போட்டிருப்பார்கள், அல்லது அதற்குள் பாதியைச் செலவழித்திருப்பார்கள். ஆகவே ரசீது கைக்கு வந்ததும் அதைப் படமெடுங்கள், விகிதத்தைச் சரிபாருங்கள், அதன் பிறகு செலவழிக்கத் தொடங்குங்கள். கவுன்டரில் இருப்பவர் தலையை ஆட்டி மறுத்தால், இதைக் கண்காணிப்பது செக் தேசிய வங்கி என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அங்கே புகார் போனால் அவர்களுக்கு அபராதம் வரும் என்பது அவர்களுக்கே தெரியும்.

கவுன்டர் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் வந்து, “நான் நல்ல விலை தருகிறேன்” என்று கிசுகிசுக்கிற ஆளிடம் இந்தச் சட்டமெல்லாம் செல்லாது. அவர் கொடுக்கிற கட்டில் இருப்பது பல்கேரியாவின் பழைய லெவாவாகவோ ஹங்கேரியின் ஃபோரின்டாகவோ இருக்கும். ஃபோரின்டிலும் 1000, 2000, 5000 என்றே நோட்டுகள் உண்டு. புதிதாக வந்தவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆயிரம் கொருனா நாற்பது யூரோவை ஒட்டி வரும். ஆயிரம் ஃபோரின்ட் மூன்று யூரோகூட வராது. செக் நோட்டில் 100இல் நான்காம் சார்லஸ் மன்னர், 500இல் எழுத்தாளர் பொஷெனா நியெம்ட்சோவா, 1000இல் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கி, 2000இல் பாடகி எமா டெஸ்டின்னோவா. ஆயிரம் நோட்டில் தாடி வைத்த கிழவர் இல்லாமல் வேறு யாராவது இருந்தால் அது கொருனா இல்லை. ஆனால் தெருவில் நின்று இதையெல்லாம் சரிபார்க்கிற நிலைமைக்கே போகாதீர்கள்.

இன்னும் நேராகச் சொன்னால், ஒரு நாளுக்கு ரொக்கம் மாற்றவே தேவையில்லை. டிராம், உணவகம், அருங்காட்சியகம் எங்கும் கார்டு செல்லும். கழிப்பறைக்கும் சந்தைக் கடைக்கும் சில நூறு கொருனா இருந்தால் போதும். அதற்கு ஏடிஎம் போகிறீர்கள் என்றால் வங்கிக் கிளையோடு ஒட்டிய இயந்திரமாகப் பாருங்கள். சுற்றுலா வீதிகளில் பத்தடிக்கு ஒன்றாக, எந்த வங்கியோடும் சேராமல் நிற்கிற ஏடிஎம்கள்தான் ஆபத்து. முதல் திரையிலேயே பெரிய பெரிய தொகைகளைக் காட்டும்; ‘வேறு தொகை’ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். அதன் பிறகு வரும் திரையில், “உங்கள் நாட்டுப் பணத்தில் இவ்வளவு, ஏற்கிறீர்களா?” என்று கேட்கும். அங்கே ‘டிக்லைன் கன்வெர்ஷன்’ அழுத்த வேண்டும். அழுத்தினால் பணமே வராது என்று பயந்துதான் பலரும் ‘அக்செப்ட்’ போடுகிறார்கள். பணம் வரும், கொருனாவிலேயே கணக்காகி, உங்கள் வங்கியின் விகிதத்தில் கழியும். ‘அக்செப்ட்’ போட்டால் அந்த இயந்திரத்தின் விகிதம். பத்து சதவீதத்துக்கு மேல் சேர்த்திருப்பதும் உண்டு. ஏடிஎம் கட்டணம் தனி. அதைத் திரையில் காட்டிவிட்டுத்தான் எடுப்பார்கள், பிடிக்காவிட்டால் அங்கேயே ரத்து செய்து கார்டை உருவிக்கொள்ளலாம்.

உணவகத்தில் கார்டு இயந்திரம் கொண்டுவரும்போதும் இதே கேள்விதான். பணியாளர் தானாகவே ரூபாயையோ யூரோவையோ அழுத்திவிட்டு நீட்டினால், ரத்து செய்து கொருனாவில் போடச் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்தது டிராம், மெட்ரோ. இங்கே தவறு உங்கள் பேரில்தான் விழும், அதனால்தான் இது வலிக்கும். மெட்ரோவில் கேட் கிடையாது. யாரும் தடுக்காததால் நேராக எஸ்கலேட்டரில் இறங்கிவிடுவார்கள். டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்டுகிறவர்கள் இவர்களே. காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, அதில் நேரம் அச்சிட வேண்டும். எஸ்கலேட்டருக்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் சின்ன மஞ்சள் பெட்டி நிற்கும். டிராமிலும் பேருந்திலும் கம்பியில் மாட்டியிருக்கும். அம்புக்குறி இருக்கும் முனையை உள்ளே நுழைத்தால் ‘டக்’ என்று தேதியும் நேரமும் விழும். அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். மை காய்ந்த பெட்டிகளும் உண்டு. 24 மணி நேர டிக்கெட்டை ஒரே ஒரு முறைதான் அச்சிட வேண்டும். ஒவ்வொரு டிராமிலும் பக்தியோடு மறுபடி மறுபடி நுழைத்தால் அந்த டிக்கெட் செல்லாமல் போய்விடும்.

டிராமின் நடுக் கதவருகே இருக்கும் கார்டு இயந்திரத்தில் வாங்கிய டிக்கெட்டுக்கு இந்த அச்சு வேண்டாம், நேரத்தோடே வரும். செல்பேசிச் செயலியில் வாங்கினால் பணம் கட்டிய உடனே அது உயிர் பெறாது, ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். பரிசோதகரைப் பார்த்த பிறகு அவசரமாக வாங்குகிற வேலையை முறியடிக்கத்தான் அந்த ஏற்பாடு. வண்டி ஏறும் முன்பே செயல்படுத்திவிடுங்கள். சாதாரண உடையில்தான் பரிசோதகர்கள் வருவார்கள். பேட்ஜையும் அடையாள அட்டையையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டாமல், ரசீது கொடுக்காமல் ரொக்கம் மட்டும் கேட்டால் 158ஐ அழையுங்கள், போலீஸ் எண் அது. உண்மையான பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டால் ஆயிரம் கொருனாவுக்குக் குறையாது. “சுற்றுலாப் பயணி, தெரியாது” என்ற பேச்சு எடுபடாது.

விமான நிலையத்துக்கு இதே டிக்கெட் செல்லும். மெட்ரோ ஏ வழியில் நாட்ராஷி வெலெஸ்லவீன் போய், அங்கிருந்து 59ஆம் எண் டிராலிபஸ். முன்பு இதே வழியில் ஓடிய 119 பேருந்தைப் பழைய வழிகாட்டிகள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றன. 2024லிருந்து அந்த இடத்தில் 59தான். நகர மையத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஆகலாம் என்பதால் 30 நிமிட டிக்கெட் பத்தாது, 90 நிமிடம் எடுங்கள்.

டாக்சியைத் தெருவில் கை காட்டி நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பழைய நகரச் சதுக்கத்தின் ஓரத்திலும் வென்செஸ்லாஸ் சதுக்கத்திலும் வரிசைகட்டி நிற்கிறவை உங்களுக்காகவே நிற்கின்றன. பிராக் டாக்சியின் புகழ் எப்படிப்பட்டது என்றால், 2005இல் நகர மேயராக இருந்த பாவெல் பேம், இத்தாலியச் சுற்றுலாப் பயணி மாதிரி வேடம் போட்டு ஒரு டாக்சியில் ஏறிப் பார்த்தார். அவருக்கே பல மடங்கு பில் போட்டார்கள்! இன்றைக்கு ஊபர், போல்ட் செயலிகளில் விலை முதலிலேயே தெரிந்துவிடுவதால் அந்தத் தலைவலி தேவையில்லை.

கோட்டை விஷயத்தில் ஏமாற்று குறைவு, வீண் செலவு அதிகம். கோட்டை முற்றங்களில் நடக்க டிக்கெட்டே வேண்டாம். புனித விட்டஸ் பேராலயம், பழைய அரண்மனை, தங்கச் சந்து ஆகியவற்றுக்குள் போகத்தான் டிக்கெட். அதைக் கோட்டைக்குள் இருக்கும் அதிகாரபூர்வக் கவுன்டரிலோ அவர்களது தளத்திலோ வாங்குங்கள். “வரிசையில் நிற்காமல் போகலாம்” என்று வெளியே இரண்டு மடங்கு விலை சொல்லும் டிக்கெட்டை வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பேராலயம் மதியம்தான் திறக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை கட்டடங்களை நாலு மணிக்கே மூடிவிடுவார்கள். சனிக்கிழமை வருகிறவர்கள் யூத அருங்காட்சியகத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அன்று முழு விடுமுறை. மூன்றையும் மறைத்துவிட்டு ‘ஒரு நாள் பேக்கேஜ்’ விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கோட்டைக்குப் போகும் 22ஆம் எண் டிராமிலும், மணிக்கு ஒருமுறை பழைய நகரச் சதுக்கத்துக் கடிகாரத்தின் கீழே கூடுகிற கூட்டத்திலும் ஜேப்படி அதிகம். 1410ஆம் ஆண்டுக் கடிகாரம். பொம்மைகள் வந்து போவது ஒரு நிமிடம்கூட ஓடாது. ஆனால் அதற்காகப் பத்து நிமிடம் எல்லோரும் செல்பேசியைத் தூக்கிப் பிடித்து அண்ணாந்து நிற்பார்கள். திருடனுக்கு அந்தப் பத்து நிமிடம் போதும். பையை முன்னால் போடுங்கள்.

சார்லஸ் பாலத்தில் நடக்கக் காசு இல்லை. அதன் முனைகளில் கப்பல் மாலுமி உடையில் நிற்கிறவர்கள் படகு டிக்கெட் விற்கும் தரகர்கள். படகுத் துறைக்கே போய் விலை கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். பழைய நகரச் சதுக்கத்தில் பெரிய கம்பியில் சுட்டுத் தொங்கவிட்ட பன்றித் தொடையைப் பார்த்ததும் நிற்பீர்கள். பலகையில் இருக்கும் விலை ஒரு தட்டுக்கு இல்லை, 100 கிராமுக்கு. நீங்கள் ‘ஒன்று’ என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கத்தி நாலு கை அகலத்துக்கு இறங்கிவிடும். தராசில் 450 கிராம் காட்டும். 100 கிராம் 110 கொருனா என்றால் 495. வெட்டிவிட்டோம், திருப்பி வைக்க முடியாது என்பார்கள். ஆகவே வெட்டும் முன்பே “150 கிராம்” என்று சொல்லுங்கள், விரலால் அகலத்தையும் காட்டுங்கள். பக்கத்துச் சட்டியில் இருக்கும் உருளைக்கிழங்கும் ஹலுஷ்கியும் (முட்டைக்கோசு கலந்த உருளைக்கிழங்கு மாவு உருண்டை) எடைக்கே விற்பவை, கனமும் அதிகம். சைவக்காரர்களுக்கு இன்னொன்று: முட்டைக்கோசும் உருளையும்தானே என்று வாங்கிவிட வேண்டாம், அதில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் கிடக்கும்.

‘பழைய பொஹீமியப் பலகாரம்’, அதாவது செக் மண்ணின் பாரம்பரியப் பலகாரம் என்று விற்கும் ட்ர்டெல்னிக் (உருளையில் சுற்றிச் சுட்ட இனிப்பு ரொட்டி), ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்சா பக்கத்துச் சரக்கு. ருசிக்காகச் சாப்பிடலாம், பாரம்பரியத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

மேசையில் உட்காரும் உணவகத்தில் கேட்காமலே வைக்கும் ரொட்டிக்கும் உப்பு பிரெட்ஸலுக்கும் துண்டுக் கணக்கில் காசு. வேண்டாமென்றால் உடனே திருப்பிக் கொடுங்கள். மெனுவின் கடைசிப் பக்கத்தில் ‘கூவெர்’ என்று தலைக்கு ஒரு தொகை இருக்கிறதா பாருங்கள். ‘பெரிய பீர்’ என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் ஒரு லிட்டர் குவளை வரும். செக்காரர்கள் குடிப்பது அரை லிட்டர். டிப்ஸ் கட்டாயமில்லை, சேவை நன்றாக இருந்தால் பத்து சதவீதம் வரை கொடுப்பது வழக்கம். பில்லில் ஏற்கெனவே சேவைக் கட்டணம் போட்டுவிட்டு, மேலும் டிப்ஸ் கேட்டுப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தால், கணக்கிட்ட தொகையை மட்டும் சொல்லிக் கட்டுங்கள். சதுக்கத்திலிருந்து இரண்டு தெரு உள்ளே போனாலே விலைப்பட்டியல் செக் மொழியில் மாறும், பீர் விலையும் இறங்கும்.

மிஞ்சிய கொருனா நோட்டை விமான நிலையக் கவுன்டரில் மாற்றினால் பழைய கதைதான். நாணயங்களை வெளிநாட்டில் யாரும் வாங்க மாட்டார்கள். கிளம்பும் முன் ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய், பில்லில் ஒரு பகுதியை நாணயமாகக் கொடுத்துவிட்டு மீதியைக் கார்டில் போடச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.