வீட்டுக்கு வராத பாலிசி: இ-பாலிசி, இ-ஆதார், இணையப் பட்டா பிரிண்டுக்குத் தேறுமா?

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தபாலில் பாலிசி அனுப்புவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. மெயிலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ ஒரு பிடிஎஃப் வரும். தாளும் மையும் நம் செலவு. 2024 ஏப்ரல் முதல் பாலிசியை மின்வடிவில் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே சொல்லிவிட்டதால், பழைய ஏற்பாடு திரும்ப வரப்போவதில்லை. ஆகவே இங்கே பார்ப்பது ஒன்றுதான்: இ-பாலிசியோ, இ-ஆதாரோ, இணையப் பட்டாவோ, பாளையங்கோட்டையில் ஒரு சாதாரண ஜெராக்ஸ் கடையில், கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் எடுத்தால் அந்தத் தாள் காரியத்துக்கு ஆகுமா?

முதலில் வண்டி இன்ஷூரன்ஸ். இதற்குச் சுமாரான மதிப்பெண்தான். பிடிஎஃப் பல பக்கம் ஓடும். ஆரம்பத்திலேயே "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று ஒரு கடிதம், கடைசியில் பொடி எழுத்தில் நிபந்தனைகள். நமக்கு வேண்டியது வண்டி எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண், காலக்கெடு எல்லாம் இருக்கிற பக்கம். மோட்டார் வாகன விதிகள் படிவம் 51 என்று சொல்லும் சான்றும் பெரும்பாலும் அதோடு சேர்ந்தே இருக்கும். எந்தப் பக்கம் என்று போனிலேயே பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ரெண்டு மூணாம் பக்கம் மட்டும் போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மொத்தமும் வந்து விழும், காசும் மொத்தத்துக்குத்தான்.

குறை வடிவமைப்பில் இருக்கிறது. கருநீலப் பட்டையில் வெள்ளை எழுத்தாகப் பாலிசி எண்ணை அச்சடிக்கிறார்கள். போனில் பளிச்சென்று இருக்கும். டோனர் தீரப்போகிற பிரிண்டரில் அதே இடம் வரிவரியாகச் சாம்பல் கட்டி எண்ணை விழுங்கிவிடும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கலரில் எடுப்பது உத்தமம். இன்னொன்று க்யூஆர் கோடு. தாளை மிச்சம் பிடிக்க ஒரே ஏ4-இல் இரண்டு பக்கமாகப் போட்டால் கோடு சுருங்கி, கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், ஸ்கேன் ஆகாது. பிரிண்ட் செட்டிங்கில் 'ஆக்சுவல் சைஸ்' வைக்கச் சொல்லுங்கள். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். படமாகப் போனால் வாட்ஸ்அப் அதை நசுக்கித்தான் அனுப்பும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்து பிடிஎஃபாகவே அனுப்ப வேண்டும்.

தாள் கையில் வந்ததும் சேஸிஸ் எண்ணை ஆர்சி-யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்ப்பது நல்லது. ஆன்லைனில் நாமே அடித்த எண் என்பதால் தப்பு நம் பக்கமும் இருக்கலாம். அதில் பிசகினால், வண்டி ஆவணங்களைக் காட்டும் மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் ஏறாமல் நிற்கும். கம்பெனியிடம் 'எண்டார்ஸ்மென்ட்' கேட்டுத் திருத்த வேண்டும். சோதனையின்போது டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகனில் காட்டினால் அசலுக்குச் சமம் என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லியிருக்கிறது. போன் கேலரியில் கிடக்கும் போட்டோவுக்கு அந்தத் தகுதி கிடையாது.

ஆயுள் காப்பீட்டில் கவனிக்க வேண்டியது தேதி. பிடிக்காத பாலிசியைத் திருப்பிக் கொடுக்கும் 30 நாள் அவகாசம், பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். மெயிலில் வந்தாலும் வந்ததுதான். திறந்தே பார்க்காத மெயிலில் அந்த 30 நாளும் கரைந்துவிடும்.

இ-ஆதார் பிரிண்டுக்கு நன்றாகவே தேறுகிறது. தகராறு எல்லாம் பாஸ்வேர்டில்தான். பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருடம். இனிஷியலை முன்னால் போடும் நம் ஊர்க்காரர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஆதாரில் 'பி. குமார்' என்று இருந்தால் அந்தப் புள்ளியும் ஓர் எழுத்து: பி, புள்ளி, கே, யு, அப்புறம் 1990. இனிஷியல் பின்னால் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

திறந்ததும் கையெழுத்து இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி தெரியும். அப்படியே பிரிண்ட் போட்டால் தாளிலும் அதுவே விழும். கம்ப்யூட்டரில், நெட் இணைப்போடு, அடோபி ரீடரில் திறந்து அதன்மேல் வலது கிளிக். 'வேலிடேட் சிக்னேச்சர்', 'சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ்', சான்றிதழைக் காட்டச் சொல்லி 'டிரஸ்ட்' பகுதியில் நம்பகமானது என்று சேர்த்துவிட்டு மறுபடி வேலிடேட். பச்சை டிக் வந்துவிடும். குரோமில் எத்தனை தடவை திறந்தாலும் வராது.

பட்டாவை நிலத்துக்குரிய பாலிசி என்றே வைத்துக்கொள்ளலாம். மூன்றில் பிரிண்டுக்கு லாயக்கானது இதுதான்: வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, வண்ணப் பட்டை கிடையாது. கீழே குறிப்பு எண்ணும் அச்சடித்த தேதி நேரமும் இருக்கும். அந்தக் குறிப்பு எண்ணை, பட்டாவை இறக்கிய அதே அரசு இணையதளத்தில் போட்டால் தாள் உண்மையா என்று யாரும் சரிபார்க்கலாம். பிரிண்டர் 'லெட்டர்' அளவில் இருந்தால் அந்த அடிவரிகளே வெட்டுப்படும், ஏ4-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்து கட்டங்கட்டமாக விழுந்தால் அடோபி ரீடரின் பிரிண்ட் செட்டிங்கில் 'அட்வான்ஸ்டு' போய் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' கொடுத்தால் சரியாகும்.

சங்கரன்கோவில், கடையநல்லூர் பக்கத்துக்காரர்கள் பட்டா எடுக்கும்போது பழைய பத்திரத்தைப் பார்த்துத் திருநெல்வேலி மாவட்டம் என்று தேர்ந்தால் ஊரே பட்டியலில் இருக்காது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. கிராமம் என்பதும் நம் ஊர்ப் பெயர் அல்ல, வருவாய் கிராமத்தின் பெயர்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கம் வீடுகளுக்குள் தாமிரபரணி புகுந்ததை நினைத்தால், திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்கிற ஒரு வசதிக்காகவே இந்த ஏற்பாட்டை மன்னிக்கலாம். இன்க்ஜெட் பிரிண்ட் ஈரத்தில் கரைந்து ஓடும், லேசர் எழுத்து அநேகமாக நிற்கும். பீரோவில் வைக்கப்போகிற தாளை லேசரில் எடுங்கள்.

கடையை விட்டுக் கிளம்புமுன் வாட்ஸ்அப் வெப்பில் நுழைந்திருந்தால் லாக்அவுட் செய்து, டவுன்லோட்ஸ், ரீசைக்கிள் பின் இரண்டிலும் உங்கள் கோப்பை அழித்துவிட்டு வாருங்கள். ஆதார் எண் முழுவதும் தேவைப்படாத இடத்துக்கு, கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு' ஆதாரை இறக்கிக் கொடுத்தால் போதும்.