புல்லட் 350: எட்டரையா, ஒன்பதரையா, பத்தரையா?

ராயல் என்ஃபீல்டின் யூசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் வகை) புல்லட்டின் எஞ்சினைப் பிரித்து மேசையில் பரப்பியதும் வரும் முதல் ஆசை, "பிரித்ததுதான் பிரித்தோம், கம்ப்ரஷனைக் கொஞ்சம் ஏற்றிவிடலாமே" என்பதுதான். ஏற்றலாம். கம்ப்ரஷன் என்பது, உள்ளே வந்த பெட்ரோல்-காற்றுக் கலவையை பிஸ்டன் எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற விகிதம்; 8.5 என்றால் எட்டரை மடங்கு. எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் சண்டை. இங்கே பேசுவது கார்புரேட்டர் வைத்த, இரண்டு ஸ்பார்க் பிளக் உள்ள 350 பற்றி. டர்போ கிடையாது. பங்க்கில் கிடைக்கிற பெட்ரோல், சித்திரை வெயில், பின்னால் ஓர் ஆள்.

முதலில் கணக்கு. போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறும் தூரம்) 90 மி.மீ., 346 சிசி. கம்பெனி கொடுத்தது 8.5. அதாவது பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் சுமார் 46 சிசி. அது 41 சிசிக்குக் கீழே வந்தால் 9.5, 36.5 ஆனால் 10.5. பிளாக்கின் மேல்முகத்தை லேத்தில் சீவித்தான் இதைச் செய்வேன் என்றால், ஒன்பதரைக்கு 1.4 மி.மீ. போகும், பத்தரைக்கு 2.5 மி.மீ. போகும். ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) அவ்வளவு கீழே இறங்கினால் புஷ்ராட் (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) அதே அளவு நீளமாகிவிட்ட மாதிரி. இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் டாப்பெட்டால் அதை உள்வாங்க முடியாவிட்டால் வால்வு முழுசாக மூடாது. அதனால் மேடு தூக்கிய பிஸ்டன் போடுவதே உத்தமம். போட்ட பிறகு வால்வு இடிக்கிறதா என்று பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

சரி, இத்தனைக்கும் கிடைப்பது என்ன? பாடப்புத்தகத்தில் பெட்ரோல் எஞ்சினுக்குச் சொல்லும் ஆட்டோ (Otto) சுழற்சிக் கணக்குப்படி எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குப் போனால் திறன் 3 சதவீதம் கூடும். அதற்கு மேல் பத்தரைக்கு ஏறினால் இன்னும் 3 சதவீதத்துக்கும் குறைவு. இந்த எஞ்சினின் 19.8 குதிரைத்திறனில் ஒவ்வொரு படிக்கும் அரைக் குதிரைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பந்தயத்துக்குத் தயார் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எட்டரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த ஊர் பெட்ரோலுக்கும் ஓடும், தட்டாது. கம்ப்ரஷனைத் தொடாமல் ஏர் ஃபில்டர், சைலன்சர், ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) மட்டும் பார்ப்பவர்களுக்கு அதுவே போதும்.

பத்தரைக்காரர்கள் உடனே நீட்டும் உதாரணம், "ஹிமாலயன் 450 பதினொன்றரையில் ஓடுகிறதே!" ஓடுகிறதுதான். அதற்குள் தண்ணீர் சுற்றுகிறது, நாலு வால்வு இருக்கிறது, ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்று ஈசியூ என்ற குட்டிக் கணினி பார்த்துக்கொள்கிறது. நம் எஞ்சினில் இரண்டு வால்வு, காற்றில் ஆறும் ஹெட். ஏற்காட்டுக் கொண்டை ஊசியில் நாலாவது கியரிலேயே ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஹெட் கொதிக்கும். தீ வந்து சேரும் முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். தட்டுகிறது என்பார்களே, அதுதான் அந்தக் கிணுகிணு சத்தம். இரட்டை பிளக் இருப்பதால் தீ இரண்டு பக்கமிருந்தும் ஓடிச் சீக்கிரம் முடிக்கிறது, ஓரளவு காப்பாற்றும். ஆனாலும் சத்தத்தைக் கேட்டும் கேட்காத மாதிரி ஓட்டியவர் பிஸ்டனைக் கழற்றினால், தலையின் ஓரம் குருணை குருணையாக அரித்திருக்கும்.

பத்தரைக்கு நியாயம் இல்லாமலும் இல்லை. கேமை (வால்வு திறந்து மூடும் நேரத்தை முடிவு செய்யும் பாகம்) மாற்றி, இன்லெட் வால்வு தாமதமாக மூடும்படி செய்தால், மேலே ஏறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் கொஞ்சத்தை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். ஐந்தில் ஒரு பங்கு ஏறிய பிறகு வால்வு மூடுகிறது என்று வையுங்கள்; ஒன்பதரை என்பது உண்மையில் 7.8 ஆகிவிடும். கால் பங்கு ஏறிய பிறகு மூடும் கேமோடு பத்தரை 8.1 ஆகும். இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. ஆனால் அப்படிப்பட்ட கேம் கீழ் ஆர்பிஎம் இழுவையைத் தின்றுவிடும். அந்த டுகு டுகு இழுவைக்காகத்தானே புல்லட் வாங்கினோம்?

பெட்ரோல் விஷயமும் மாறிவிட்டது. சாதாரண பெட்ரோல் ஒருகாலத்தில் 88 ஆக்டேன் (தட்டாமல் தாங்கும் திறனைச் சொல்லும் எண்), அப்புறம் 91. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்து வருவது 95 என்கிறது அரசு. எத்தனால் ஆவியாகும்போது கலவையைக் குளிர்விப்பதும் நமக்குச் சாதகம். ஆனால் அது எரிய அதிக அளவில் வேண்டும். பழைய ஜெட்டை அப்படியே விட்டால் கலவை லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து), ஏற்றிய கம்ப்ரஷனோடு சேர்ந்து சூட்டைக் கிளப்பும். பெரிய ஜெட் போட்டே ஆக வேண்டும். எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் பத்தரையும் சத்தம் போடாமல் ஓடலாம். அது கிடைப்பது சில நகரங்களில்தான், விலையும் கடிக்கும். போகிற வழியெல்லாம் பங்க்கைத் தேடிக்கொண்டு ஓட்டுவது என்ன ஓட்டம்?

அதனால் என் ஓட்டு ஒன்பதரைக்கு. இதே கம்பெனியின் புதிய ஜே வரிசை 350 இருப்பதும் 9.5-ல்தான், ஹோண்டா சிபி350 இருப்பதும் அதில்தான். காற்றில் ஆறும் 350-க்கு இரண்டு தொழிற்சாலைகள் தனித்தனியாகப் போய் ஒரே எண்ணில் நிற்கின்றன.

எண்ணை முடிவு செய்தாலும் அளக்காமல் மூடாதீர்கள். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்க, ஒரு பிளக்கை மாட்டிவிட்டு இன்னொரு பிளக் துளை மேலே பார்க்கும்படி எஞ்சினைச் சாய்த்து, சிரிஞ்சால் மெல்லிய ஆயிலை மரையின் அடிவரை நிரப்புங்கள். ரிங் வழியே கசியும் முன் எத்தனை சிசி பிடித்தது என்று சட்டெனக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்பதரை என்று பெட்டியில் போட்டிருந்த பிஸ்டனுக்கு என் வண்டியில் 41.7 சிசி வந்தது, கணக்குப்படி 9.3. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட்டை மெலிதாக்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். அப்படியே மூடிவிட்டேன்.