சர்வர் கொட்டேஷனில் ‘ஸ்கோர்’ காட்டினால் உஷார்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாக மொத்த வியாபாரம் செய்கிறோம். பில்லிங்கில் எட்டுப் பேர், குடோனில் மூன்று பேர், எல்லோருக்கும் ஒரே சர்வர். ஏழு வருஷப் பழசு, மாதக் கடைசியில் திணறுகிறதே என்று புதிதாக வாங்கினோம். 6.75 லட்சம். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு கடைக்காரர்கள் அதே ஆளிடம் கொட்டேஷன் வாங்கியிருக்கிறார்களாம். அதனால்தான் இந்தப் பதிவு.

விற்க வந்தவர் ஒரே ஒரு தாளை நீட்டினார். பழைய மெஷினுக்கு 8 சொச்சம், புதியதற்கு 180. "இருபது மடங்குங்க சார், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்." பிராசஸரின் திறனை அளக்கும் ஸ்பெக் சிபியு 2017 என்ற சோதனையின் மதிப்பெண்கள் அவை. இரண்டு எண்ணுமே பொய்யில்லை. அதுதான் கெட்டிக்காரத்தனம்.

அந்தச் சோதனையில் ‘ஸ்பீட்’, ‘ரேட்’ என்று இரண்டு வகை உண்டு. ஒரு வேலையை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறது என்பது ஸ்பீட். ஒரே நேரத்தில் பல பிரதிகளை ஓடவிட்டு, மொத்தம் எவ்வளவு வேலை முடிந்தது என்று பார்ப்பது ரேட். கோர், அதாவது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி, கூடக்கூட ரேட் எண்ணும் ஏறும். பழையதற்கு ஸ்பீட், புதியதற்கு ரேட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார். இரண்டையும் ஒப்பிடவே கூடாது. லாரி லோடு இறக்க 32 பேர் இருந்தால் சட்டென்று முடியும். ஊசியில் நூல் கோர்க்க 32 பேர் எதற்கு?

வாங்கியது 16 கோர் வீதம் இரண்டு பிராசஸர், கோரின் வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ், 128 ஜிபி ரேம். பழையதில் 4 கோர்தான், ஆனால் 3.5 கிகாஹெர்ட்ஸ். பழையதில் 11 நிமிஷம் எடுத்த ஸ்டாக் மதிப்பு ரிப்போர்ட், புதியதில் 14 நிமிஷம். நம்ப முடியாமல், எந்தக் கோர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். கோருக்கு இரண்டு வீதம் குட்டிக் குட்டியாய் 64 கட்டங்கள். ஒரு மூலையில் ஒன்றிரண்டு துள்ளுகின்றன, மற்றதெல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கின்றன.

அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. எங்கள் பில்லிங் சாஃப்ட்வேருக்கு அடியில் ஓடுவது எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2019 என்ற டேட்டாபேஸ். இலவசப் பதிப்பு. 4 கோருக்கு மேல் தொடாது. டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ள 1,410 எம்பிக்கு மேல் எடுக்காது. என்ன டேட்டாபேஸ் என்று அந்த ஆள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அது என் தப்பு. விண்டோஸ் சர்வர் லைசென்ஸும் இருக்கிற கோர் அத்தனைக்கும் வாங்க வேண்டும். 16 கோர் மெஷினுக்கு ஆவதைப் போல இரண்டு மடங்கு அழுதோம்.

போன் போட்டால், "அப்போ எஸ்கியூஎல் ஸ்டாண்டர்ட் வாங்கிடுங்க சார்" என்று காசு கொடுத்து வாங்கும் பதிப்பைச் சொல்கிறார்.

யாராவது ஸ்கோர் காட்டினால் ரேட்டா ஸ்பீடா, எத்தனை பிராசஸருக்கு என்று முதலில் கேளுங்கள். ஸ்பெக் தளத்தில் மெஷின் விவரத்தோடு எல்லாம் இலவசமாகவே கிடக்கிறது. முடிந்தால் உங்கள் பேக்கப்பைக் கொடுத்து, டெமோ மெஷினில் உங்கள் ரிப்போர்ட்டையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் பர்ச்சேஸ் ஆர்டர் போடாதீர்கள்.

நல்லவேளை, பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவில்லை. இப்போதும் மாதக் கடைசியில் பேக்கப்பை அதில் ஏற்றித்தான் ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்கிறோம்.