பைக் ஸ்பீக்கரில் 'கொய்ங்': ஐசோலேட்டரா, ஃபில்டரா, எர்த் வயரா?

பைக்கில் ஸ்பீக்கர் மாட்டியவர்களுக்கு இந்தச் சத்தம் தெரிந்திருக்கும். இன்ஜின் அணைந்திருக்கும்போது இளையராஜாவின் புல்லாங்குழல் தேனாக இறங்கும். வண்டியைக் கிளப்பியதும் பின்னால் ஒரு 'கொய்ங்' வந்து ஒட்டிக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க அதுவும் சுருதி ஏறும், கியர் மாற்றினால் இறங்கும். ராஜா எழுதாத வயலின் அது.

என்னுடையது ஒற்றை சிலிண்டர் கார்புரேட்டர் வண்டி. ஹேண்டில்பாரில் இரண்டு சிறிய ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் கிளாஸ்-டி வகை ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), மவுண்ட்டில் போன், பக்கத்தில் யு.எஸ்.பி. சார்ஜர், போனிலிருந்து ஆம்புக்கு ஆக்ஸ் வயர். பலரிடமும் இருக்கிற அமைப்புதான். சத்தம் போக என்ன செய்யலாம் என்று சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டபோது இரண்டு பொருளைக் காட்டினார்கள். ஒன்று கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர். போனின் எர்த்தும் ஆம்பின் எர்த்தும், அதாவது மைனஸ் பாதைகள், இரண்டு வழியாகச் சேர்ந்து வளையமாகி இரைச்சலைப் பாட்டுக்குள் விடுவதுதான் கிரவுண்ட் லூப். ஆக்ஸ் வயருக்கு நடுவே மாட்டுவது. இன்னொன்று நாய்ஸ் ஃபில்டர். ஆம்புக்குப் போகிற 12 வோல்ட் லைனில் மாட்டுவது. மூன்றாவது வழியை யாரும் காட்டவில்லை. வயரிங்கைப் பிரித்துத் திரும்பப் போடுவதில் கடைக்காரர் விற்க என்ன இருக்கிறது?

மூன்றையும் செய்து பார்த்தேன், அதுவும் தப்பான வரிசையில். முதலில் ஃபில்டர், பிறகு ஐசோலேட்டர், கடைசியில் எர்த். நீங்களாவது தலைகீழாகப் போங்கள்.

எதை வாங்குவதற்கும் முன்னால் சத்தத்தை ஒரு பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இன்ஜின் வேகத்தோடு சுருதி ஏறும் 'கொய்ங்' என்றால் அது மேக்னட்டும் (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தருவது) ரெக்டிஃபையரும் (அதை டி.சி.யாக மாற்றுவது) சேர்ந்து செய்கிற வேலை. 'டிக்டிக்டிக்' என்று வேகத்தோடு நெருங்கினால் பிளக்கின் தீப்பொறி. இன்ஜினே ஓடாமல் சாவியைத் திருப்பியதும் 'உஸ்ஸ்' அல்லது 'கிச்கிச்' என்று வந்தால் யு.எஸ்.பி. சார்ஜரின் மேல் சந்தேகப்படலாம்.

அடுத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்குங்கள். சத்தம் டக்கென்று நின்றால் அது கிரவுண்ட் லூப். நிற்கவில்லையா? ஆம்பிலிருந்து ஆக்ஸ் வயரைக் கழற்றிவிட்டு, டிப், ரிங், ஸ்லீவ் என்கிற மூன்று உலோகப் பகுதிகளையும் ஒன்றாகச் சால்டர் செய்த ஒரு 3.5 மி.மீ. பின்னை அந்த ஓட்டையில் சொருகுங்கள். இப்போது ஆம்புக்கு உள்ளே வர சிக்னல் எதுவுமே இல்லை. அப்படியும் 'கொய்ங்' கேட்டால் சத்தம் பவர் லைன் வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நின்றுவிட்டால் பவர் லைன் நிரபராதி. அந்தப் பின்னைச் செய்ய ஒரு டீ செலவுதான் ஆகும். அதை முதலிலேயே செய்திருந்தால் ஃபில்டர் வாங்கிய காசு எனக்கு மிச்சம்.

சரி, ஃபில்டர் ஏன் எனக்கு உதவவில்லை? உள்ளே இருப்பது ஒரு சோக்கும் (கம்பிச்சுருள்) ஒரு பெரிய கெப்பாசிட்டரும்தான். மேடுபள்ளமாக வரும் மின்சாரத்தைச் சமன் செய்து அனுப்பும். எந்த அதிர்வெண்ணுக்கு மேல் அது வேலை செய்யும் என்பதுதான் கேள்வி. சோக் 100 மைக்ரோஹென்றி, கெப்பாசிட்டர் 1000 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுமார் 500 ஹெர்ட்ஸில் வந்து நிற்கிறது. அதற்கு நன்றாக மேலே இருப்பதைத்தான் தடுக்கும். கீழே இருப்பதை விட்டுவிடும்.

இப்போது வண்டியின் 'கொய்ங்' எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மேக்னட்டில் 12 துருவங்கள் உள்ள வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 6 அலை. 3000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 50 சுற்று, அதாவது 300 ஹெர்ட்ஸ். மூன்று ஃபேஸ் வண்டியில் ரெக்டிஃபை ஆன பிறகு அது ஆறு மடங்காகி 1800 ஹெர்ட்ஸ். ஒற்றை ஃபேஸ் வண்டியில் இரண்டு மடங்குதான், 600 ஹெர்ட்ஸ். ஐட்லிங்கில் 1200 ஆர்.பி.எம். என்றால் முன்னதில் 720, பின்னதில் 240. அந்த ஃபில்டர் 1800 ஹெர்ட்ஸைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே அடக்கிவிடும். 600 ஹெர்ட்ஸில் தடுமாறும். 240 ஹெர்ட்ஸைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. இரண்டு பேர் ஒரே ஃபில்டரை வாங்கி ஒருவர் "சூப்பர்" என்பதும் இன்னொருவர் "ஏமாற்று வேலை" என்பதும் இதனால்தான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அதைவிட அடிப்படையான விஷயம் ஒன்று உண்டு. ஓரளவு நல்ல கிளாஸ்-டி ஐ.சி. பவர் லைனில் வரும் இரைச்சலைத் தானே 60, 70 டெசிபல் அடக்கிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே. ஆகவே 'கொய்ங்' ஸ்பீக்கர்வரை வந்துவிட்டது என்றால், பெரும்பாலும் அது முன்வாசல் வழியாக வரவில்லை, சிக்னலின் எர்த்தைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறமாக நுழைந்திருக்கிறது. ஃபில்டர் முன்வாசலுக்குப் பூட்டுப் போடுகிறது.

ஃபில்டரை அப்படியே ஒதுக்கவும் மாட்டேன். ஷார்ட் செய்த பின்னைச் சொருகியும் சத்தம் நிற்கவில்லை என்றால் அதுதான் மருந்து. அப்போதும் ஆம்பின் ஃபியூஸ் எத்தனை ஆம்பியரோ அதற்கு மேற்பட்ட திறனுள்ளதாக வாங்குங்கள். சின்னதாகப் போட்டால் சோக் திணறும், பேஸ் அடிக்கும்போது வோல்டேஜ் இறங்கும். ஆம்புக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், பேட்டரி பக்கத்தில் அல்ல.

ஐசோலேட்டரின் கதை வேறு. அதைச் சொருகிய அந்த நிமிடமே என் வண்டியில் 'கொய்ங்' காணாமல் போனது. மந்திரம் மாதிரி இருந்தது. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள், இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. பாட்டு காந்தப்புலமாகத் தாண்டிப் போகும். செம்புக்கும் செம்புக்கும் தொடர்பு இருக்காது. ஆக்ஸ் வயரின் எர்த் அங்கே அறுந்துவிடுவதால் லூப்பும் அறுந்துவிடும்.

ஆனால் அறுந்தது அது மட்டுமில்லை. மலிவான ஐசோலேட்டரில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு கடுகளவு இருக்கும். தாழ்ந்த சுரங்களைத் தாண்டவைக்க நிறைய இரும்பு வேண்டும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் மெலிந்து, வலந்தலை மட்டும் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. ஹேண்டில்பார் ஸ்பீக்கரில் பேஸ் என்று பெரிதாக என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், மூன்றங்குல ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு இது குறையே இல்லை. பெட்டிக்குள் பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஐசோலேட்டர் நோயை மறைக்கிறது என்பது இன்னொரு குறை. அதை எனக்குச் சொன்னவர் எங்கள் பகுதி ஆட்டோ எலக்ட்ரீஷியன். வேறு வேலைக்காக வண்டியை விட்டிருந்தேன். ஐசோலேட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, சார்ஜருக்கு எர்த் எங்க குடுத்திருக்க?"

"ஹேண்டில்பார் கிளாம்ப் போல்ட்டுலண்ணே."

"அங்கேருந்து பேட்டரிக்கு எப்படிப் போகும்?"

பதில் தெரியாமல் நின்றேன். அவர் ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பிக் காட்டினார். ஹேண்டில்பாரும் சேஸிஸும் தொட்டுக்கொள்கிற இடம் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங். கிரீஸில் மிதக்கிற பால்ஸ் வழியாகத்தான் என் சார்ஜரின் மின்சாரம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அடுத்து சேஸிஸ், அதன் மேல் பெயிண்ட், அப்புறம் துருப்பிடித்த ஒரு லக் (வயர் முனையில் உள்ள உலோக வளையம்). ஐசோலேட்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினோம். 'கொய்ங்' கூடியது, குறைந்தது, ஓரிடத்தில் 'கரகர' என்றது.

கணக்கு எளிது. எர்த் பாதையில் 0.02 ஓம் தடை இருந்து, அதில் 5 ஆம்பியர் ஓடினால் 0.1 வோல்ட் வித்தியாசம். போனிலிருந்து வருகிற பாட்டின் சிக்னலே உச்சத்தில் ஏறக்குறைய ஒரு வோல்ட்தான். அந்த 0.1 வோல்ட் சீராக இருந்தால் காதுக்குத் தெரியாது. மேக்னட்டின் அலை அதில் ஏறி உட்காரும்போது பாட்டோடு பாட்டாக ஆம்ப் அதையும் பெருக்கிவிடுகிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றைச் சார்ஜரின் மைனஸிலும் வைத்து, இன்ஜின் ஓடும்போது பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எந்தப் பொருளும் வாங்காதீர்கள், ஸ்பேனரை எடுங்கள்.

அன்று நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஆம்பின் மைனஸ், சார்ஜரின் மைனஸ் இரண்டையும் சேஸிஸிலிருந்து கழற்றி, தனித்தனி வயராகப் பேட்டரியின் மைனஸுக்கே கொண்டுபோய் ஒரே போல்ட்டில் கட்டினோம். பிளஸ்ஸும் நேராகப் பேட்டரியிலிருந்து, ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், சாவி லைனால் இயங்கும் ஒரு ரிலே. பேட்டரியிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பழைய எர்த் வயரின் லக்கைக் கழற்றி, அடியில் இருந்த பெயிண்டை உப்புத்தாளால் சுரண்டி, திரும்ப முறுக்கினோம். ஆக்ஸ் வயர், மேக்னட்டின் சுருளான ஸ்டேட்டரிலிருந்து வரும் வயர்களோடு கட்டுப்போட்டு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பிரித்து டேங்கின் மறுபக்கமாக விட்டோம். மதியம் தொடங்கி விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. செலவு வயரும் ரிலேயும் லக்குகளும் அவர் கூலியும்.

ஐசோலேட்டர் இல்லாமலே சத்தம் போனது. மிருதங்கத்தின் தொப்பியும் திரும்பி வந்தது.

ஆக மூன்றில் எது என்று கேட்டால், என் ஓட்டு எர்த் வயருக்கு. ஆனால் டேங்கைக் கழற்றத் தயங்குபவருக்கும், வாரன்டியில் இருக்கிற புது வண்டியின் ஹார்னஸைத் தொட விரும்பாதவருக்கும் ஐசோலேட்டர் நியாயமான தேர்வு. இரும்பு கொஞ்சம் கனமாக உள்ளதை வாங்குங்கள், கையில் எடுத்தாலே எடை தெரியும். ஃபில்டருக்கு மூன்றாம் இடம்.

இந்த மூன்றும் தொடாத இரண்டு நோய்கள் இருக்கின்றன. 'டிக்டிக்' சத்தம் வயரில் மட்டுமல்ல, காற்றிலும் வரும். அதற்குப் பிளக்கைப் பாருங்கள். என்.ஜி.கே. பிளக்கின் எண்ணில் 'ஆர்' எழுத்து இருந்தால் உள்ளே சுமார் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது என்று பொருள். பழைய வண்டிகளில் அந்த எழுத்து இல்லாத பிளக் போட்டிருப்பார்கள். ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் மாட்டினாலும் அதே பலன்.

இன்னொன்று பேட்டரியும் ரெக்டிஃபையரும். மேக்னட்டின் மேடுபள்ளத்தை முதலில் சமன் செய்வது பேட்டரிதான். அது கிழடு தட்டிவிட்டால் எல்லாம் அப்படியே உள்ளே வரும். மீட்டரை ஏ.சி.யில் வைத்துப் பேட்டரியின் இரு முனையிலும் பாருங்கள். அரை வோல்ட் போல வந்தால் கோளாறு ஆடியோவில் இல்லை, வண்டியில். ஒரு எச்சரிக்கை: மலிவு மீட்டர் சில, டி.சி.யையே ஏ.சி. என்று காட்டும். முதலில் ஒரு 9 வோல்ட் பேட்டரியை ஏ.சி. அளவில் இரு பக்கமும் மாற்றி வைத்துப் பாருங்கள். பூஜ்யம் வராவிட்டால் அந்த மீட்டரை நம்ப வேண்டாம்.

"வயரே வேண்டாம், புளூடூத் போடு" என்பார்கள். பாதி சரி. வயர் இல்லாததால் போன் பக்கத்து லூப் ஒழிந்தது. ஆனால் புளூடூத் ரிசீவர் போர்டும் ஆம்பும் ஒரே 12 வோல்ட்டில் இயங்கினால், போர்டின் எர்த் வழியாக அதே லூப் சின்ன அளவில் திரும்பி வரும், கூடவே 'கிச்கிச்' என்று போர்டின் சொந்தக் குரலும் வரும். இதற்கு நல்ல மருந்து, ரிசீவரின் 5 வோல்ட் லைனில் பி0505எஸ் போன்ற ஐசோலேட் ஆன மாட்யூல். அது 5 வோல்ட்டை வாங்கி, எர்த் தொடர்பில்லாத 5 வோல்ட்டாகத் தரும்; நேராக 12 வோல்ட்டில் மாட்டக் கூடாது. ஒரு வாட்தான், 200 மில்லி ஆம்பியர். ரிசீவருக்குப் போதும், போனைச் சார்ஜ் செய்யப் போதாது. என் நண்பன் ஒருவன் இந்தத் தகராறே வேண்டாம் என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஹெல்மெட் இன்டர்காமுக்கு மாறிவிட்டான். வண்டியோடு மின்தொடர்பே இல்லை, ஆகவே 'கொய்ங்'கும் இல்லை. எண்பதைத் தாண்டினால் காற்றின் இரைச்சலில் பாட்டும் இல்லை.

என் வண்டியில் இப்போது மிச்சமிருப்பது ஒன்றுதான். இண்டிகேட்டர் போட்டால் ஃபிளாஷரின் 'டிக், டிக்' ஸ்பீக்கரில் லேசாகக் கேட்கிறது. ஃபிளாஷர் லைனில் ஒரு கெப்பாசிட்டர் போட்டுவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். திரும்பிய பிறகு இண்டிகேட்டரை அணைக்க மறக்கிற ஆள் நான்.