ஹப் மோட்டார் மாட்டினால் கியர் என்ன ஆகும்? முன் ஹப், மரை ஹப், கேசட் ஹப்: ஓர் ஒப்பீடு

கியர் சைக்கிளுக்கு ஹப் மோட்டார் கிட் (சக்கரத்தின் நடு உருளையான ஹப்புக்குள்ளேயே மோட்டார் இருக்கும் வகை) வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாட், அடுத்தது பேட்டரி. பின்சக்கரத்திலிருக்கும் ஏழு பல்சக்கரமும் புது ஹப்பில் ஏறுமா என்ற கேள்வி, பெரும்பாலும் பெட்டியைப் பிரித்த பிறகுதான் வருகிறது. பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட்டால் போதும். ஒன்று, பின் டிராப்அவுட்டுகளுக்கு (சக்கர அச்சு உட்காரும் ஃபிரேம் பள்ளங்கள்) இடையே உள்ள உள் அகலம். மற்றது, இப்போது இருக்கும் பல்சக்கரத் தொகுதி ஹப்பின் மரையில் திருகிய ஃப்ரீவீலா, ஹப் உடலின் நெடுக்குப் பள்ளங்களில் (ஸ்ப்லைன்) செருகிய கேசட்டா என்பது.

இரண்டாவதைக் கண்டுபிடிப்பது சுலபம். சக்கரத்தைக் கழற்றிக் கையில் பிடித்து, பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். கழற்றும் கருவி செருகும் பள்ளங்கள் சுற்றாமல் அப்படியே நின்றால் அது ஃப்ரீவீல். பல்சக்கரங்களோடு சேர்ந்து அவையும் சுற்றினால் கேசட். நம் ஊரில் விற்கும் சாதாரண 7 ஸ்பீட் கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் 14 முதல் 28 பல் வரையிலான ஃப்ரீவீல்தான் இருக்கும். 9 ஸ்பீடும் அதற்கு மேலும் என்றால் அநேகமாகக் கேசட்.

முன் ஹப்: கியரைத் தொடுவதே இல்லை

கியர் பொருத்தம் என்ற ஒரே கோணத்தில் பார்த்தால் முன்சக்கர மோட்டார்தான் முதலிடம். பின்னால் எதையும் கழற்ற வேண்டாம். ஷிஃப்டர் (கைப்பிடியிலுள்ள கியர் மாற்றி), செயின், டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பாகம்) எல்லாம் இருந்தபடி இருக்கும். ஹப்புக்குள்ளேயே கியர் வைத்த ஷிமானோ நெக்ஸஸ், ஸ்டர்மி ஆர்ச்சர் வகைகளுக்கும், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும் சைக்கிளுக்கும் ஹப் மோட்டாரில் இது ஒன்றுதான் வழி. ஏனென்றால் அவற்றின் பின் ஹப்பையே எடுத்துவிட்டால் கியரும் போய்விடும், பிரேக்கும் போய்விடும்.

சிக்கல் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில். மோட்டாரின் அச்சு 12 மி.மீ. தடிமன், இரு பக்கமும் 10 மி.மீ. அளவுக்குத் தட்டையாக்கப்பட்டது. குயிக் ரிலீஸ் (ஸ்பேனர் இல்லாமல் நெம்புகோலால் சக்கரத்தைக் கழற்றும் அமைப்பு) ஃபோர்க்கின் பள்ளம் 9 மி.மீ.தான் என்பதால் கொஞ்சம் அரம் போட வேண்டியிருக்கும். மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும்போது அதே அளவு எதிர்முறுக்கு அந்த 10 மி.மீ. தட்டையின் வழியாகத்தான் டிராப்அவுட்டுக்குப் போகிறது. கணக்குப் போட்டால் விளிம்பில் ஏறத்தாழ 400 கிலோ எடைக்குச் சமமான நெருக்கு. எஃகு ஃபோர்க் இதைத் தாங்கும். சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் கீழ்க்கால்கள் வார்ப்பு அலுமினியம் அல்லது மெக்னீசியம். இவை வளைந்து எச்சரிக்காது, நேராக உடையும். ஓடும்போது முன்சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. எஃகு ஃபோர்க் இல்லையென்றால் முன் ஹப்பை விட்டுவிடுங்கள். எஃகாக இருந்தாலும் டார்க் ஆர்ம் (அச்சு சுழன்றுவிடாமல் ஃபோர்க்கோடு பிடித்து வைக்கும் உலோகக் கை) ஒன்றாவது கட்டாயம்.

இன்னொன்று, ஏற்றத்தில் உடல் எடை பின்சக்கரத்தின் மேல் போய்விடுவதால் மணலிலும் ஜல்லியிலும் முன்சக்கரம் வெறுமனே சுழலும்.

மரை ஹப்: 7 ஸ்பீடுக்கு இதுவே போதும்

பின்சக்கர மோட்டார்களில் மலிவானதும் பரவலாகக் கிடைப்பதும் இந்த வகை. மரை அளவு பொதுவானது: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. எனவே பழைய சக்கரத்திலிருந்து கழற்றிய ஃப்ரீவீலையே இதில் திருகலாம். மரையில் கிரீஸ் தடவிவிட்டுக் கையால் இறுக்கினால் போதும். மிதிக்க மிதிக்கத் தானே இறுகிவிடும்.

தானே இறுகுவதுதான் பின்னால் தொல்லையும் கொடுக்கும். கழற்றும் கருவி, மோட்டாரின் தடித்த அச்சுக்கு மேலாக நுழைய வேண்டும். மெல்லிய அச்சுக்கென்று செய்த கருவியின் துளை இதற்குப் போதாது. வயரும் வலப்பக்கமே வெளிவரும் மோட்டாராக இருந்தால் கருவி அந்தக் கனெக்டரையும் தாண்ட வேண்டும். வாங்கும்போதே வயர் எந்தப் பக்கம் என்று கேளுங்கள், இடப்பக்கமானால் நல்லது.

மாட்டியதும் பார்க்க வேண்டிய இடைவெளிகள் இரண்டு. பெரிய பல்சக்கரம் மோட்டார் மூடியிலோ அதன் திருகுகளிலோ உரசினால், ஃப்ரீவீலுக்குப் பின்னால் மரையில் 1 அல்லது 2 மி.மீ. ஸ்பேசர் போட்டுத் திருக வேண்டும். அப்படி வெளியே தள்ளினால் அந்தப் பக்கம் சின்னப் பல்சக்கரம் ஃபிரேமை நெருங்கும். செயின் அதில் ஓடும்போது இடிக்கிறதா என்று பார்த்து, இடித்தால் அச்சில் வலப்பக்கம் வாஷர் சேர்க்க வேண்டும். வாஷர் சேர்த்த அளவுக்குச் சக்கரம் இடப்பக்கம் நகர்ந்துவிடும். ஆகவே ஸ்போக்கை இழுத்து ரிம்மை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பதால்தான் "கிட் மாட்டியதிலிருந்து பிரேக் ஒரு பக்கமாகப் பிடிக்கிறது" என்ற புலம்பல் வருகிறது. கடைசியாக டீரெய்லரின் இரண்டு எல்லைத் திருகுகளையும் புதிதாகச் சரிசெய்யுங்கள். மோட்டாரின் விளிம்பு அகன்றது, ஸ்போக்குகள் குட்டை. பழைய அமைப்பில் விட்டால் முதல் கியரில் டீரெய்லர் கூண்டு ஸ்போக்கில் சிக்கக்கூடும்.

14 பல் போதாது, 11 பல் ஃப்ரீவீல் தேடு என்று ஓர் அறிவுரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது மணிக்கு 35, 40 கி.மீ. ஓட்டுகிறவர்களுக்கானது. இந்தியாவில் பதிவு இல்லாமல் ஓட்ட வேண்டுமானால் மோட்டார் 250 வாட்டுக்குள், உதவி 25 கி.மீ. வேகத்துக்குள். 26 அங்குலச் சக்கரத்தில் முன்னால் 42, பின்னால் 14 பல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6.15 மீட்டர். 25 கி.மீ. வேகத்தில் பெடல் ஒரு நிமிடத்துக்கு 68 சுற்று, சுகமான மிதி. 40 கி.மீ.க்குப் போனால் அதே கியரில் 108 சுற்று ஆகும், 11 பல் இருந்தால் 85. சட்டத்துக்குள் ஓட்டுகிறவருக்கு அந்தச் செலவு வீண்.

அச்சு வளையும் என்பது ஃப்ரீவீல் ஹப்புகளின் பழைய குறை. மோட்டாரின் அச்சு தடித்தது என்பதால் இங்கே அது பெரிதாக எழுவதில்லை.

கேசட் ஹப்: 9 ஸ்பீடிலிருந்து இதன் ராஜ்யம்

8, 9, 10 ஸ்பீட் ஷிமானோ வகைக் கேசட்டுகள் மூன்றும் ஹப்பின் ஒரே அகல உடலில் (கேசட் செருகும் பகுதி) ஏறும். 7 ஸ்பீட் கேசட்டை அதில் போட்டால் பின்னால் 4.5 மி.மீ. ஸ்பேசர் வேண்டும். மலைச் சைக்கிளின் 11 ஸ்பீட் கேசட்டும் அதே உடலில் ஏறிவிடும். ரோடு சைக்கிளின் 11 ஸ்பீட் கேசட்டுக்கு 1.85 மி.மீ. கூடுதல் அகலம் தேவை என்பதால் ஏறாது. 12 ஸ்பீடில் மைக்ரோ ஸ்ப்லைன், எக்ஸ்டி என்ற வேறு வடிவ உடலுக்கான கேசட்டுகள் சாதாரண மோட்டாரில் பொருந்தா.

விலை கூடுதல், நம் கடைகளில் கிடைப்பதும் அரிது. 9 ஸ்பீட் வைத்திருப்பவர் மரை ஹப்புக்கு இறங்கிவிடலாமா? இறங்கலாம். ஷிமானோவின் 7, 8, 9 ஸ்பீட் பின் டீரெய்லர்கள் ஒரே இழுவிகிதம் (கேபிளை இழுக்கும் அளவுக்கு டீரெய்லர் நகரும் அளவு) கொண்டவை. டீரெய்லரை மாற்றாமல் 7 ஸ்பீட் ஃப்ரீவீலும் 7 ஸ்பீட் ஷிஃப்டரும் வாங்கினால் வேலை முடிந்தது. 10 ஸ்பீட் மலைச் சைக்கிள் டீரெய்லரின் விகிதம் வேறு. அங்கே அதையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் கேசட் மோட்டாரே தேவலை. 8 ஸ்பீட் ஷிஃப்டரை வைத்தே 7 ஸ்பீட் ஃப்ரீவீலை ஓட்டப் பார்ப்பவர்களும் உண்டு. பல்சக்கர இடைவெளி 4.8 மி.மீ.க்குப் பதில் 5. ஆறு தாவலில் 1.2 மி.மீ. பிசகு சேரும். நடுக் கியரை நேர்படுத்தினால் இரு முனையிலும் 0.6 மி.மீ. மட்டும் விலகும், ஓரளவு ஓடும். கரகரப்பு பிடிக்காதவர்கள் முயல வேண்டாம்.

கியர் இல்லாத 28 அங்குலச் சைக்கிள்

பின் அகலம் 110 முதல் 120 மி.மீ. வரை இருக்கும்; பின் மோட்டாருக்கு வழக்கமாக 135 வேண்டும். எஃகு ஃபிரேமை விரிக்கலாம் என்பார்கள். 15 மி.மீ. விரித்தால் டிராப்அவுட்டுகள் இணையாக நிற்காது, செயின் நேர்கோடும் தப்பும். அலுமினியமாக இருந்தால் விரிக்கவே கூடாது. எஃகு ஃபோர்க் என்பதால் இதற்கு முன் ஹப்தான் சரி. ஆனால் ஃபோர்க்கின் உள் அகலம் 100 மி.மீ. இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

கியர் இல்லாத குறை ஏற்றத்தில் தெரியும். 44, 18 பல்லில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.45 மீட்டர். சமதளத்தில் 25 கி.மீ. ஓட்ட 76 சுற்று, நன்று. வேகம் 10 கி.மீ.க்கு விழுந்தால் வெறும் 31 சுற்று. காலால் பெரிதாக எதுவும் தர முடியாது. ஹப் மோட்டாருக்கும் அதே கதிதான். அதன் விசை செயின் வழியாகப் போவதில்லை, ஆகவே உங்கள் கியர் எதுவும் அதற்கு உதவாது. குறைந்த சுழற்சியில் மின்சாரம் சூடாகத்தான் மாறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் 250 வாட் ஹப்பை நம்பி ஏறுகிறவருக்கு பின்னால் 28 பல்லும் முன்னால் சின்னப் பல்சக்கரமும் அவசியம். "மோட்டார்தான் இருக்கிறதே" என்று முன் மூன்று பல்சக்கரத்தில் இரண்டைக் கழற்றிவிடுவது மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஆகாது. செயின் வழியாக மோட்டார் விசை போகாததில் ஒரு லாபம், மோட்டாரால் செயினும் பல்லும் கூடுதலாகத் தேய்வதில்லை.

மூன்று வகைக்கும் பொதுவாக ஒன்று: குயிக் ரிலீஸ் போய்விடும். நட்டை 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டியிருப்பதால், பஞ்சருக்கு 18 அல்லது 19 அளவு ஸ்பேனர் பையில் இருக்கட்டும். 12 மி.மீ. துளை அச்சு (டிராப்அவுட்டின் பள்ளத்துக்குப் பதில் துளை வழியாகச் செருகும் அச்சு) கொண்ட புது மலைச் சைக்கிள்களில் இந்த மோட்டார்கள் மாட்டவே முடியாது; அதற்கென்று தனி மோட்டார் உண்டு.

கடையில் நான்கு கேள்வி கேளுங்கள்: ஹப் அகலம் எத்தனை மி.மீ., மரையா கேசட்டா, வயர் எந்தப் பக்கம், டார்க் ஆர்ம் பெட்டியில் இருக்கிறதா. "எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும் சார்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.