ஸ்பாட்லைட் (2015): படத்துல எவ்வளவு நிஜம், எங்க சறுக்குது?

போன வாரம் ஸ்பாட்லைட் திரும்ப பார்த்தேன், மூணாவது தடவை. பாஸ்டன்ல கத்தோலிக்க சாமியாருங்க குழந்தைங்களை பாலியல் கொடுமை பண்ணினதையும், சபை அதை மூடி மறைச்சதையும் பாஸ்டன் குளோப் பத்திரிகையோட ஸ்பாட்லைட்ங்கற புலனாய்வு டீம் வெளிய கொண்டு வந்த கதை. இந்த தடவை கதை என்ன ஆகுதுன்னு பார்க்கல, இதுல எதெல்லாம் நிஜமா நடந்துச்சு எதெல்லாம் இவங்களா சேர்த்ததுன்னு மட்டும் பார்க்கணும்னு உக்காந்தேன். உண்மைக் கதைன்னு ஒரு கார்டு போட்டுட்டா நாம எல்லாத்தையும் அப்படியே நம்பிடறோம், அதுவும் குழந்தைங்களுக்கு நடந்த கொடுமையை பத்தின படத்துல யார் வாயில என்ன வசனம் வைக்கிறாங்கங்கறது சின்ன விஷயம் இல்ல.

நான் கத்தோலிக்க வீட்டுல வளர்ந்தவன். வீடு மந்திரிக்க பங்கு சாமியார் வர்றார்னா அம்மா காலையிலயே வீட்டை கழுவி விட்டு, அலமாரில இருக்கற நல்ல டம்ளரை எடுத்து வெப்பாங்க, நாங்க வரிசையா நின்னு ஸ்தோத்திரம் சாமின்னு சொல்லுவோம், அவர் தலையில கை வச்சா அன்னிக்கு பூரா சந்தோஷமா இருக்கும். எங்க சாமியார் ரொம்ப நல்ல மனுஷன், இன்னிக்கும் அவர்மேல மரியாதை உண்டு. ஆனா படத்துல சின்ன வயசுல பாதிக்கப்பட்ட ஃபில் சவியானோ ஒரு பெட்டி நிறைய பேப்பரோட வந்து உக்காந்து, ஏழை வீட்டுப் பையனுக்கு ஒரு சாமியார் தனியா கவனிச்சா அது எவ்வளவு பெரிய விஷயம், கடவுளே கேட்கறப்ப எப்படி மாட்டேன்னு சொல்றதுன்னு கேட்பார்ல, அந்த இடத்துல எங்க வீட்டு டம்ளர்தான் ஞாபகம் வந்துச்சு. பாஸ்டன்லயும் அப்படித்தான், அயர்லாந்து, இத்தாலியிலேர்ந்து போன கத்தோலிக்க குடும்பங்க நிறைஞ்ச ஊரு, போலீஸ், கோர்ட், ஸ்கூல்னு எங்க போனாலும் சபை மேல ஒரு பயம் கலந்த மரியாதை. படம் இந்த ஊர் மனசை ரொம்ப சரியா பிடிச்சிருக்கு, ஒருத்தரும் கத்தி மிரட்ட மாட்டாங்க, தோள்ல கை போட்டு "நம்ம ஊரு, பார்த்துக்கோ"ங்கற தொனியிலயே பேசுவாங்க.

நடந்தது என்னன்னா, 2001 ஜூலை கடைசில மார்ட்டி பேரன் பாஸ்டன் குளோப் பத்திரிகைக்கு புது எடிட்டரா வர்றார், வந்த முதல் நாளே அதே பத்திரிகைல ஐலீன் மெக்நமாரா எழுதின ஒரு பத்தியை காட்டி, ஜான் கேகன்ங்கற சாமியார் கேஸ்ல சீல் வச்ச டாக்குமெண்ட் இருக்காமே, அதை வெளிய கொண்டு வர நாம ஏன் கோர்ட்டுக்கு போகலன்னு கேட்கறார். இது படத்துக்காக பண்ணின வேகம் இல்ல, நிஜமாவே முதல் நாளே கேட்டார். நடுவுல செப்டம்பர் 11 தாக்குதல் வந்து எல்லா வேலையும் அப்படியே நின்னது, நீதிபதி கான்ஸ்டன்ஸ் ஸ்வீனி டாக்குமெண்ட்டை திறக்க சொன்னது, 2002 ஜனவரி 6 ஞாயித்துக்கிழமை முதல் ரிப்போர்ட் வந்தது, இதெல்லாமும் சரியா இருக்கு.

எனக்கு இந்த படத்துல ரொம்ப பிடிச்சது அந்த டைரக்டரி வேலைதான். மறைமாவட்டம் வருஷா வருஷம் போடற டைரக்டரில எந்த சாமியார் எந்த பங்குல இருக்கார்னு இருக்கும், தப்பு பண்ணினவரை ஒரு பங்குல இருந்து தூக்கினா அவர் பேருக்கு நேரா "உடல்நல விடுப்பு", "பொறுப்பு இல்லை"ன்னு ஏதாவது போட்டிருப்பாங்க. இதை பழைய புக்கை எல்லாம் எடுத்து வச்சு ஸ்கேலை வச்சு ஒவ்வொரு வரியா இறக்கி இறக்கி பார்த்து, கம்ப்யூட்டர்ல ஏத்தி, இப்படி அடிக்கடி மாத்தப்பட்டவங்க யார் யார்னு எடுக்கறாங்க. நிஜ டீமும் இப்படித்தான் எடுத்தாங்க, டீம்ல இருந்த மேட் கேரல் போட்ட டேட்டாபேஸ் அது. வேற டைரக்டரா இருந்தா இந்த இடத்துல ஒரு துரத்தல், ஒரு கொலை மிரட்டல்னு ஏதாவது சொருகியிருப்பாங்க, டாம் மெக்கார்த்தி அந்த பக்கமே போகல, கண்ணு வலிக்க உக்காந்து படிக்கறதை அப்படியே காட்டறார். ஊழலை, மோசடியை, மூடி மறைச்சதை வெளிய கொண்டு வர்ற வேலை முக்காவாசி இந்த மாதிரிதான் இருக்கும், அதை போரடிக்காம எடுத்ததுக்கே தனியா பாராட்டணும்.

அடுத்து அந்த 1993 பேப்பர் கட்டிங். இதை பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்லணும். படத்துல பாதிக்கப்பட்டவங்களுக்காக வாதாடின வக்கீல் எரிக் மெக்லீஷ், "20 சாமியார் பேரை நான் எப்பவோ உங்க பேப்பருக்கே அனுப்பினேன், நீங்கதான் ஒண்ணும் பண்ணல"ன்னு சொல்லுவார், தேடிப் பார்த்தா மெட்ரோ பக்கத்துல உள்ள எங்கயோ சின்னதா ஒரு செய்தி, அப்ப மெட்ரோ எடிட்டர் யாருன்னா வால்டர் ராபின்சனே, அதாவது இப்ப இந்த டீமுக்கு தலைவரா இருக்கறவர். ராபின்சனா நடிச்ச மைக்கேல் கீட்டன் அதை ஒத்துக்கற இடத்துல குரலை உயர்த்தவே மாட்டார். இப்ப நிஜத்துக்கு வருவோம். 2001ல அந்த டீம் யாரும் இந்த கட்டிங்கை கண்டுபிடிக்கல. படத்துக்கு கதை எழுத மெக்கார்த்தியும் ஜாஷ் சிங்கரும் பல வருஷம் கழிச்சு எல்லாரையும் பேட்டி எடுத்தப்ப, மெக்லீஷ் சொன்னதை வச்சு ஆர்க்கைவ்ல தோண்டி எடுத்தாங்க. ராபின்சனுக்கு அது ஞாபகமே இல்ல, ஆனா அதை படத்துல வைக்க வேண்டாம்னு அவர் தடுக்கல, தன் மேல இருந்த தப்பை ஏத்துக்கிட்டார். அப்ப இந்த சீன் காலக்கணக்குல பார்த்தா பொய், நடந்த விஷயமா பார்த்தா சத்தியம். கதை எழுத வந்தவங்க ரிப்போர்ட்டர் மேலயே ரிப்போர்ட்டிங் பண்ணியிருக்காங்க, தங்களோட ஹீரோவையே கூண்டுல ஏத்தியிருக்காங்க. இந்த மாதிரி மாத்தினதை நான் குறையா சொல்ல மாட்டேன்.

ஆனா ஜாக் டன் விஷயத்துல நான் படத்து பக்கம் இல்ல. அவர் பாஸ்டன் காலேஜ் செய்தித் தொடர்பாளர், பிசி ஹைங்கற (பாஸ்டன் காலேஜ் ஹை) ஸ்கூல் நிர்வாகக் குழுவுலயும் இருந்தவர். ராபின்சனும் டீம் ரிப்போர்ட்டர் சாஷா ஃபைஃபரும் அந்த ஸ்கூலுக்கு போய், அங்க நடந்த கொடுமையை பத்தி பேசற சீன்ல, இவ்வளவு பெரிய ஸ்கூல்ல இத்தனை வருஷத்துல சில பேருக்குத்தானேங்கற மாதிரி விஷயத்தை சின்னதாக்கற வசனம் அவர் வாயில வரும். அவர் படத்தை பார்த்துட்டு நான் இப்படி பேசவே இல்லன்னு வக்கீல் மூலமா போனார், கடைசில 2016 மார்ச்ல, அதாவது சிறந்த படம், சிறந்த திரைக்கதைன்னு ரெண்டு ஆஸ்கர் வாங்கினதுக்கு அப்புறம், பட கம்பெனி அது கற்பனை வசனம்தான்னு ஒத்துக்கிட்டு அறிக்கை விட்டு, தர்ம காரியத்துக்கு பணமும் குடுத்தாங்க. அந்த சீனுக்கு அப்படி பேசற ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கார், அது புரியுது, அந்த ஊர்ல அப்படி பேசினவங்க நிறைய பேர் இருந்திருப்பாங்க, ஆனா அதுக்கு ஒரு கற்பனைப் பேரை வச்சிருக்கலாமே? உயிரோட இருக்கற மனுஷனோட சொந்தப் பேரு, அவர் வேலை பார்க்கற இடம் எல்லாம் போட்டு, அவர் சொல்லாததை சொன்னதா உலகம் பூரா காட்டிட்டு அப்புறம் ஒரு அறிக்கை விட்டா படம் பார்த்த எத்தனை பேர் அந்த அறிக்கையை படிச்சிருப்பாங்க? டைரக்டரில ஒவ்வொரு வரியையும் உக்காந்து சரிபார்த்த டீமை பத்தின படம் இது, அதனாலதான் எனக்கு இவ்வளவு வருத்தம்.

இன்னொண்ணு, பாஸ்டன் ஃபீனிக்ஸ்னு ஒரு சின்ன வாரப்பத்திரிகை, அதுல கிறிஸ்டன் லம்பார்டி 2001 மார்ச்லயே, பேரன் ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே, பாஸ்டன் பேராயரா இருந்த கர்தினால் பெர்னார்ட் லாவுக்கு கேகன் பத்தி என்ன தெரியும்னு விரிவா எழுதிட்டாங்க. படத்துல அந்த பேப்பருக்கு போறபோக்குல ஒரு பேச்சோட சரி, லம்பார்டி ஆளே கிடையாது. கதையை ஒரே ஆபீஸுக்குள்ள வைக்கணும்னா வெளிய இருக்கறவங்களை வெட்டித்தான் ஆகணும், ஆனாலும் முதல்ல எழுதினவங்க பேரை ஒரு தடவையாவது சொல்லியிருக்கணும். மெக்லீஷையும் ரகசியமா செட்டில் பண்ணி காசு பார்த்த வக்கீலா மட்டும்தான் பார்க்கறோம், பின்னாடி 2003ல பாதிக்கப்பட்ட 552 பேருக்கு 8.5 கோடி டாலர் செட்டில்மெண்ட் வந்தப்ப பேச்சுவார்த்தைல முன்னாடி நின்னவர்ல அவரும் ஒருத்தர்.

படம் முதல் ரிப்போர்ட்டோட முடிஞ்சிடும், நிஜத்துல பெரிய வேலையே அதுக்கப்புறம்தான். 2002ல மட்டும் கிட்டத்தட்ட 600 செய்தி போட்டாங்க, டிசம்பர்ல லா ராஜினாமா பண்ணினார், 2003ல குளோப்புக்கு பொதுச்சேவைக்கான புலிட்சர் பத்திரிகை விருது கிடைச்சது. கேகன் மேல 130 பேருக்கு மேல புகார் சொல்லியிருந்தாங்க, அவர் 2003ல ஜெயில்லயே இன்னொரு கைதியால கொல்லப்பட்டார், அதனால பாதிக்கப்பட்டவங்களுக்கு என்ன ஆறுதல் கிடைச்சிருக்கும்னு எனக்கு தெரியல.

என்னோட மார்க் 5க்கு 4. அந்த ஒண்ணை குறைச்சது டன்னுக்காகவும் லம்பார்டிக்காகவும். குடும்பத்தோட பார்க்கலாமான்னு கேட்டா, கொடுமையை எங்கயும் காட்சியா காட்ட மாட்டாங்க, ஆனா பேச்சுல எல்லாமே வரும், அதனால சின்னப் பசங்க வேண்டாம், பெரிய பசங்களோட உக்காந்து பாருங்க. டிவியை உடனே ஆஃப் பண்ணிடாதீங்க, கடைசில பாஸ்டன்ல சாமியாருங்க, பிரதருங்கன்னு மொத்தம் 249 பேர்மீது புகார் வந்த கணக்கும், லா ரோம்ல பெரிய கோயிலுக்கு பொறுப்பா அனுப்பப்பட்டதும் கார்டுல வரும், அதுக்கப்புறம் இதே மாதிரி நடந்த ஊர் பேரெல்லாம் ஸ்கிரீன் ஸ்கிரீனா போகும். நாங்க பார்த்தப்ப அம்மாவும் கூட இருந்தாங்க, அந்த லிஸ்ட் முடியற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல.