அண்ணாந்து பார்க்க விடாத வெட்சூட்

போன வாரம் சித்தி மகன் போன் பண்ணினான். "அக்கா, நீங்க போடுற அதே 5 மில்லி வெட்சூட் விலை இறங்கியிருக்கு. வாங்கட்டுமா?" என்றான். "வாங்காதே" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். அப்போதுதான் சூட்டைப் பழுதுபார்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்திருந்தேன், கையில் அதுதான் இருந்தது. பொறுமையாக எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

கடலுக்கடியில் டைவிங் போக, 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இந்த ரப்பர் உடையைத்தான் ஐந்து வருடமாகப் போடுகிறேன். 140 டைவுக்கு மேல் ஆகிவிட்டது, முக்கால்வாசி மொரீஷியஸின் மேற்குக் கரையில், பிளிக் ஆன் பிளாக் கடலில். தையல் ஓர் இடத்திலும் விட்டதில்லை. முழங்கால் பட்டை தேய்ந்திருக்கிறது, கிழியவில்லை. இதையெல்லாம் விட்டுவிடலாம். என் பேச்சு முழுக்கக் கழுத்தைப் பற்றியது.

அந்தக் கடலுக்கடியில் இருக்கிற லா கதெட்ரால் குகைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பார்க்க வேண்டியது எதிரே இல்லை, தலைக்கு மேலே இருக்கிறது. வளைவைத் தாண்டி உள்ளே போய், ஏறக்குறைய 27 மீட்டர் ஆழத்தில் அடியை ஒட்டி நின்று அண்ணாந்தால், கூரைப் பிளவு வழியாக வெளிச்சம் இறங்குவதைப் பார்க்கலாம். சிவப்புச் சிப்பாய் மீன்கள் கூரையை ஒட்டித் தலைகீழாக நீந்தும். நான் டைவிங் கற்றுக்கொண்டதே அந்த வெளிச்சத்துக்காகத்தான். ஆனால் இந்தச் சூட்டைப் போட்டுக்கொண்டு அண்ணாந்தால், பின்கழுத்தில் ஜிப் முடிகிற இடத்தில் பட்டை தோலை விட்டு விலகுகிறது. ஒரு விரல் நுழைகிற இடைவெளிதான். அதன் வழியாகக் குளிர்ந்த நீர் முதுகுத்தண்டு நெடுக இடுப்பு வரை ஓடுகிறது. தலையைக் குனிந்தால் நின்றுவிடும். மறுபடி நிமிர்ந்தால் மறுபடி ஓடும்.

இங்கே கோடையான பிப்ரவரியில் இது ஒரு பொருட்டே இல்லை. அப்போது கடல் 28 டிகிரி, சில நாள் 29கூட இருக்கும். நீர் உள்ளே வந்தால் சுகமாகத்தான் இருக்கும். கோடையில் வாங்கிப் போட்டுப் பார்க்கிறவர்கள் இந்தக் குறையைச் சொல்லாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இங்கே குளிர்காலமான ஆகஸ்டில் கடல் 22, 23 டிகிரிக்கு இறங்கிவிடும். வெட்சூட் உடம்பை நனையாமல் காப்பதில்லை. உள்ளே புகுந்த நீரை மெல்லிய படலமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதை உடம்பு சூடாக்கிக்கொள்கிறது. அந்த நீர் மாறிக்கொண்டே இருந்தால் உடம்பு திரும்பத் திரும்பப் புது நீரைச் சூடாக்க வேண்டும். போதாக்குறைக்கு நியோப்ரீன் என்கிற சூட்டின் ரப்பரில் இருக்கிற வாயுக் குமிழ்கள் ஆழத்தில் நசுங்கிவிடுகின்றன. மேலே 5 மில்லியாக இருப்பது கீழே 5 மில்லியாக இருப்பதில்லை. குளிர் ஏறினால் மூச்சு வேகமாகும், சிலிண்டரில் காற்று சீக்கிரம் குறையும். ஆகஸ்டில் என்னோடு வருகிறவர்களை விட நான் எப்போதும் ஐந்து நிமிடம் முன்னதாக மேலே வருகிறேன். ஐந்து நிமிடம் அங்கே கொஞ்ச நேரம் இல்லை.

சரி, அப்படியானால் குளிர்காலத்தில் போகாமல் இருக்கலாமே என்று கேட்பாய். முடியாது தம்பி. மே முதல் தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும்போது கிழக்குக் கரை கொந்தளிக்கிறது. நம் மேற்குக் கரை மலைகளின் மறைவில் இருப்பதால் படகு போக முடிகிறது. மழையும் குறைவு. கோடையில் பெரிய மழை பெய்தால் ரிவியேர் நுவார் பக்கம் ஆறு கொண்டுவரும் மண் கடலில் கலங்கி நிற்கும், அப்புறம் சூறாவளி எச்சரிக்கை வேறு. தவிர, தண்ணீர் அளவுக்கு மேல் சூடாகி வாரக்கணக்கில் அப்படியே நின்றால் பவளம் வெளுத்துப்போகிறது. 2024 ஏப்ரலில் உலகம் முழுக்கப் பவளம் வெளுக்கிறது என்று நான்காவது முறையாக அறிவித்தார்கள். அந்த மாதம் நானே இங்கே வெள்ளை வெள்ளையாக நின்ற கிளைகளைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. எனக்குச் சூடான கடலை விடக் குளிர்ந்த கடலைப் பார்ப்பதே நிம்மதி.

அப்புறம் திமிங்கிலங்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அண்டார்க்டிக் பக்கத்திலிருந்து இங்கே வருகின்றன. போன செப்டம்பரில் ராம்பார் செர்பான் பாறை வரிசையில் ஒரு கல்மீனைத் தேடிக்கொண்டிருந்தேன். மூச்சு விடும்போது குமிழிச் சத்தம்தான் கேட்கும். இழுத்து முடிந்து விடத் தொடங்குகிற அந்த இடைவெளியில், வெகு தூரத்திலிருந்து ஒரு நீண்ட முனகல் வந்தது. காதில் விழுந்தது என்பதை விட நெஞ்செலும்பில் பட்டது என்றுதான் சொல்ல வேண்டும். என்னை அறியாமல் அண்ணாந்தேன். முதுகில் நீர் ஓடியது. அந்த நொடியை நினைக்கும்போது இன்றும் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவு வருகிறது, அதுதான் கோபம்.

பழுதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதில் பாதித் தப்பு என்னுடையது. 2024 ஜனவரியில் பெலால் சூறாவளி வருகிறது என்றதும் அவசரமாகக் கரை திரும்பி, சூட்டை நல்ல தண்ணீரில் அலசாமல் பைக்குள் திணித்துவிட்டேன். பெலால் போன பத்தாம் நாள் தைப்பூசம். வீட்டில் விரதம், காவடி வேலை, யாருக்கும் கடல் நினைப்பே இல்லை. பிப்ரவரியில் எடுத்துப் பார்த்தால் ஜிப்பின் ஸ்லைடர் உப்புப் பூத்து இறுகியிருந்தது. மெழுகு தடவித் தடவி இவ்வளவு நாள் ஓட்டினேன், போன வாரம் அது உடைந்தே விட்டது. வாங்கிய கடையில் ஜிப்பை மட்டும் மாற்றித் தர மாட்டோம், புதுசு வாங்குங்கள் என்றார்கள். ரோஸ் ஹில்லில் பையும் செருப்பும் தைக்கிற ஒரு பெரியவர் பிளாஸ்டிக் ஸ்லைடர் போட்டு, நான் கேட்காமலே கழுத்துக்கு உள்ளே ஒரு மெல்லிய நியோப்ரீன் மடிப்பும் தைத்துக் கொடுத்தார். 350 ரூபாய்தான் வாங்கினார். இந்த மடிப்பைச் செய்தவர்களே தைத்திருக்க வேண்டும். அவ்வளவு உழைக்கிற துணியை வெட்டத் தெரிந்தவர்களுக்கு, கடலுக்கடியில் மனிதன் மேலேயும் பார்ப்பான் என்பது எப்படித் தோன்றாமல் போனது?

ஆகவே விலை இறங்கினாலும் வேண்டாம். கொஞ்சம் கூடக் கொடுத்து முன்பக்கம் ஜிப் வைத்ததாக, கழுத்து தனியாக மூடுகிறதாகப் பார். கடையில் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து நிற்காதே, கூரையைப் பார். தடிமன் கூடினால் சூட் அதிகம் மிதக்கும், அதனால் எடைப் பெல்ட்டில் 3 மில்லிக்கு நீ கட்டுகிறதை விட இரண்டு கிலோவாவது கூட வேண்டும், அதைப் படகில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடு.

நான் இதையேதான் போடப் போகிறேன். சனிக்கிழமை காலை கதெட்ராலுக்குப் படகு, தண்ணீர் 23 டிகிரி என்கிறார்கள். பெரியவர் தைத்த மடிப்பு தாங்குகிறதா என்று அன்று மத்தியானம் உனக்குப் போன் பண்ணுகிறேன்.